குழாய்ப் புத்தகத்துக்குப் பதினோரு பேர்

நான் முப்பத்தாறு ஆண்டுகள் லிஃப்ட் பழுது பார்த்தவன். என் கையால் சரிசெய்யப்பட்ட ஒரு லிஃப்டில் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒருவர், வெளியே வரும்போது ஓய்வு பெறும் வயதைக் கடந்திருந்தார். ஆனாலும் அவருக்கு ஒரு நாள் சம்பளம்கூடப் பிடித்தம் ஆகவில்லை. லிஃப்ட் அலுவலகக் கட்டடத்துக்குள்தானே இருந்தது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவி சிரிக்க மாட்டாள். "சாப்பாட்டுக்கு என்ன பண்ணாரு?" என்று கேட்பாள். கதை கேட்பதில் அவளுக்கு அப்படி ஒரு கவனம்.

நூலகத்தில் எனக்கு 'மேல்மாடி' என்று பெயர். தொழிலை வைத்து வந்த பெயர் என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் விசாரிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற இரண்டாவது வாரம் என் மனைவி ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்.

"தினமும் நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகத்தத் தூக்கிட்டு வர்றீங்க. நீங்க மட்டும் உம்முன்னு படிக்கிறீங்க. எனக்கும் கொஞ்சம் படிச்சுக் காட்டினா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஏழு வயதில் பள்ளியை நிறுத்தி, கைக்குழந்தையாக இருந்த தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டார்கள். அண்ணன் பள்ளிக்குப் போனார். தம்பி நடக்கத் தொடங்கியபோது இவளுக்குப் பள்ளிக்குப் போகும் வயது தாண்டியிருந்தது. அப்புறம் ஆடை ஆலையில் இருபத்தொன்பது ஆண்டுகள் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்டாள்.

நான் புத்தகத்தைத் திறந்தேன். மூக்கைத் தடவினேன். கண்ணாடியை நூலக மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்த வாரத்தில் ஏற்கெனவே ஒரு குடையும் ஒரு சாவியும் தொலைந்திருந்தன. மூன்றாவதாக ஒன்றைக் கேட்டுக்கொள்ளும் நிலையில் குடும்பம் இல்லை. ஆகவே பக்கத்தைப் பார்த்தபடியே வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

மறுநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளதை உள்ளபடி படித்தேன். கால் மணி நேரத்தில் அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இது வேற ஆளு எழுதினதா? நேத்து எழுதினவரு கணக்கா இல்லையே. நாளைக்கு அவரோடதா பார்த்து எடுத்துட்டு வாங்க."

அவருடையதாகவே எட்டு ஆண்டுகள் எடுத்து வந்தேன். எந்தப் புத்தகமாக இருந்தாலும் கவலை இல்லாமல் போயிற்று. வரிச்சட்ட விளக்கத்தில் ஒரு பேய் இருந்தது. தேனீ வளர்ப்பில் ஒரு கொலை நடந்தது. தட்டச்சு பயில்வோருக்கான கையேட்டில் இரண்டு சகோதரிகள் ஒரே மனிதனுக்குக் காத்திருந்து, கடைசியில் அவனை வேண்டாம் என்றுவிட்டார்கள். பக்கங்களைத் திருப்ப மட்டும் நான் மறந்ததே இல்லை. தொழில் சுத்தம்.

இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை. சன்னலோர நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பாள். கதை இறுகும் இடம் வந்ததும் அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகச் சேரும், பொத்தான் துளைக்கு அளவு பார்ப்பதுபோல. அந்த இரண்டு விரல்களும் சேர்வதற்காகத்தான் நான் காலையில் எழுந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருப்பேன். நூலகத்தில் நான் ஆழ்ந்து படிப்பதாக எல்லோரும் நினைத்தார்கள்.

குழாய்ப் புத்தகம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் சமையலறைக் குழாய் ஒழுகும். எத்தனை இறுக்கினாலும் சொட்டுச் சொட்டென்று பாத்திரத்தில் விழும். "ஊர் லிஃப்ட்ட எல்லாம் சரி பண்ணினாரு, வீட்டுக் குழாய் மட்டும் அவரோட சண்டைக்காரன்" என்று அவள் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். கம்பிவடமும் மின்சாரமும்தான் என் துறை, தண்ணீர் என் துறை இல்லை என்று எத்தனை முறை சொல்வது? பொறுக்க முடியாமல் ஒரு நாள் வீட்டுக் குழாய்களைப் பொருத்துவது, பராமரிப்பது பற்றிய கையேடு ஒன்றை உண்மையாகவே படிப்பதற்காக எடுத்து வந்தேன். நீல அட்டை. அட்டையில் இரண்டு குழாய்கள் குறுக்கே போகும் படம். வாசலில் என்னைப் பார்த்ததும் அவள், "இன்னிக்கு நீலமா? நீலம்னா நல்லாத்தான் இருக்கும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

என்ன செய்வது? சொன்னேன்.

ஓர் உயரமான கட்டடம். அதில் தனியாக இருக்கும் ஒருத்தி. காலையில் அவள் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். காற்றோடு எட்டு மாடிக்கு மேலே குடியிருப்பவனின் பேச்சு வரும். அவன் தனக்குத்தானே பேசிக்கொள்கிறவன். அவள் அந்தப் பேச்சைத் தண்ணீரோடு குடத்தில் பிடித்து வைப்பாள். ஆனால் பதில் சொல்ல வழியில்லை. தண்ணீர் கீழேதான் வரும், மேலே போகாது. ஒரு நாள் காற்று வருகிறது, பேச்சு வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவள் கடைசியாகப் பிடித்த குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போகத் தீர்மானிக்கிறாள். லிஃப்ட் பழுது. எட்டு மாடி ஏற வேண்டும். கிளம்புவதற்கு முன், அவனுடைய பேச்சு வழியில் சிந்திவிடக் கூடாதென்று குடத்துக்கு ஒரு மூடி தேடிப் போட்டு மூடுகிறாள்.

இரண்டு விரல்களும் சேர்ந்தன. கதை முடிந்த பிறகும் பிரியவில்லை. அன்று குழாயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒழுகும் குழாயடியில் போய்ச் சற்று நேரம் காதை வைத்துப் பார்த்தாள்.

இது இப்படியே போயிருக்கும். நூலகர் அம்மாதான் புதிதாக இரண்டு காரியங்களைத் தொடங்கினார். அவருக்கு நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார், கண்ணாடியைத்தான் உயர்த்துவார். முதல் காரியம், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாரம் மூன்று நாள் காலையில் பின்னறையில் வகுப்பு. இரண்டாவது, சனிக்கிழமை நாலு மணிக்குப் பரிந்துரைக் கூட்டம். யாராவது எழுந்து தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு நீளச் சீட்டை நூலால் கட்டுவார்கள். அதற்கு 'அடுத்தவர் சீட்டு' என்று பெயர். எடுத்துப் படிக்கிறவர் அடுத்து படிக்கப்போகிறவருக்காக அதில் ஒரு வரி எழுத வேண்டும். வரி எழுதாமல் வந்த புத்தகத்தை அம்மா திரும்ப வாங்கமாட்டார். "படிச்சேன்னு சொன்னா போதாது. என்ன படிச்சீங்கன்னு எழுதுங்க" என்பார்.

நான் துணைக்கு என் மனைவியை அழைத்துப் போனேன். அதுதான் நான் செய்த பிழை. மூன்றாவது சனிக்கிழமை, யாரும் எழுந்திருக்காமல் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் எழுந்து நின்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. கேட்கத் தெரியும். வீட்டுல இவரு படிச்சுக் காட்டுவாரு. அந்தா, அந்த அலமாரியில மூணாவது தட்டுல நீலமா இருக்கே, குழாய்ப் படம் போட்டது, அதச் சொல்றேன்."

சொன்னாள். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். எட்டு மாடி ஏற வேண்டும் என்றதுமே கூட்டம் மூச்சு வாங்கியது. குடத்தை மூடும் இடத்தில் அவள் கையை வைத்து மூடிக் காட்டியபோது, எனக்கே அடுத்து என்ன நடக்குமோ என்று இருந்தது. பதினோரு பேர் முன்பதிவு செய்தார்கள்.

நூலகர் அம்மா நீலப் புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்து, மூடி, சீட்டைக் கட்டினார். கண்ணாடி உயர்ந்தது.

"ஐயா, அந்தக் குடம் எந்தப் பக்கத்துல வருது?"

"நடுவுலம்மா."

"நடுவுல பார்த்தேனே."

"கொஞ்சம் பின்னாடி இருக்கும்."

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி நிதானமாகச் சொன்னாள். "நான் பன்னிரண்டாவது ஆளா பேரு கொடுத்திருக்கேன். ஆளுக்கு ரெண்டு வாரம். அதுக்குள்ள பின்னறை வகுப்புல சேர்ந்து எழுத்துப் படிச்சுக்கிறேன். அந்தப் புத்தகத்த மட்டும் என் கண்ணால படிக்கணும்."

நான் நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். பதினோரு பேர், இருபத்திரண்டு வாரம், நூற்று ஐம்பத்து நான்கு நாள். தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. நாளைக்கு இரண்டு எழுத்துப் படித்தாலே முப்பது நாள் மிச்சம் இருக்கும்.

பொய் வெளியே வந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. அது பெரிய பயம் இல்லை. பொய் வெளியே வந்து எனக்குப் பழக்கம் உண்டு. அவளுக்கே படிக்க வந்துவிட்டால் இரண்டு மணிக்கு அவள் சன்னலோரத்தில் தனியாக ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள். எதிர் நாற்காலியில் நான் எதற்கு? இதை யாரிடம் சொல்வது?

மறுநாளே நூலகர் அம்மாவிடம் போனேன். குறிப்புதவி அலமாரியில் உள்ள அகராதிகளில் 'இரவலுக்கு அல்ல' என்று சிவப்பு முத்திரை குத்தியிருப்பார்கள். அவற்றை அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்கலாம்.

"நீலப் புத்தகத்துலயும் அந்த முத்திரையக் குத்திடுங்கம்மா. ரொம்ப அருமையான புத்தகம். வெளிய போனா கெட்டுப்போகும்."

"பத்தொன்பது வருஷத்துல அதை நாலு பேரு எடுத்திருக்காங்க. அதுல ஒருத்தர் நீங்க. இப்ப பதினோரு பேரு நிக்கிறாங்க. நான் எடுத்து உள்ள வைக்கணுமா?" கண்ணாடி உயர்ந்தது. "உள்ளத நீங்கதான் ஐயா அவங்ககிட்ட சொல்லணும். நான் சொன்னா அது புகார் ஆயிடும்."

சொல்லலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். அவள் ஒரு குறிப்பேடு வாங்கி, முதல் பக்கத்தில் 'அ' போட்டு வைத்திருந்தாள். பொத்தான் துளைபோல ஒரே அளவில் நாற்பது 'அ'. சொல்லவில்லை.

முதலில் புத்தகத்தை எடுத்தவர் என் மச்சான். அவளுடைய அண்ணன், ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். பயணச்சீட்டு தவிர வேறு எதையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை. முதல் நாளே பிடிபட்டுவிடுவேன் என்று இருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. சீட்டில் அவர் எழுதியிருந்தார்: 'மிக அருமை. குடத்தை மூடும் இடத்தில் கண் கலங்கிவிட்டது.'

நான் புத்தகத்தை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். ஒருவேளை இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குழாய்தான் இருந்தது.

அடுத்தவர் கணக்கு ஆசிரியராக இருந்தவர். 'மேலோட்டமாகப் படிப்பவர்களுக்குப் பிடிபடாது. இரண்டாம் வாசிப்பில்தான் திறக்கும்' என்று எழுதினார். மூன்றாவது ஆள், 'படிக்கட்டில் குடம் தளும்பும் பகுதியைத் தவறவிடாதீர்கள்' என்று எழுதினார். குடம் தளும்பும் பகுதியை நானும் சொல்லவில்லை, என் மனைவியும் சொல்லவில்லை. நல்ல இடம். எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இரண்டு நாள் வருத்தமாக இருந்தது.

நான்காவது, தெருமுனையில் கடை வைத்திருக்கும் குழாய்க்காரர். அவர் எழுதியது: 'நல்ல புத்தகம். மரையில் ஒழுகாமல் இருக்கச் சணல் சுற்றுவது பழைய முறை. இப்போது டேப் வந்துவிட்டது.' அதற்குக் கீழே ஐந்தாவது வாசகர் எழுதினார்: 'முந்தைய வாசகர் கதையின் ஆழத்தைத் தொடவில்லை.'

ஒரு நாள் மச்சானை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"மச்சான், நிஜமாவே கண்ணு கலங்குச்சா?"

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் பள்ளிக்கூடம் போனேன், அவ போகல. அவ வாழ்நாள்ல முதல் தடவையா நாலு பேரு முன்னாடி நின்னு ஒரு புத்தகத்தப் பத்திச் சொல்றா. அதுல அப்படி ஒண்ணும் இல்லம்மான்னு நான் எழுதணுமா? நீங்க பேசாம போங்க, மாப்ளே."

ஆசிரியரிடமும் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன். மூணு தடவை படிச்சேன். எனக்கு அந்தக் குடம் கிடைக்கல. படிக்கத் தெரியாதவங்களுக்குக் கேட்டே புரிஞ்சது, முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாரா இருந்தவனுக்குப் புரியலன்னு சீட்டுல எழுத முடியுமா?"

மற்றவர்களைக் கேட்கவில்லை. பதினோராவது வரி எழுதி முடிந்தபோது, அந்தக் குடத்தை அந்த ஊரில் காணாதவர் குழாய்க்காரர் ஒருவர்தான். அவருக்கு ரசனை இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் என் மனைவி எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தாள். தெருவில் நடக்கும்போது கடைப் பலகைகளின் முன்னால் நின்றுவிடுவாள். "மருந்…தகம்" என்று படித்துவிட்டு, உள்ளே மருந்து இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்வாள். "சரியாத்தான் போட்டிருக்கான்" என்பாள்.

இருபத்துமூன்றாம் வாரம் நீலப் புத்தகம் அவள் கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் சீட்டைப் படித்தாள். சின்னச் சின்ன வரிகள். ஒவ்வொன்றாகக் கூட்டிப் பதினொன்றையும் படித்து முடித்தாள். முகம் பூத்திருந்தது. அப்புறம் முதல் பக்கத்தைத் திறந்தாள். "நீங்க இங்க உக்காராதீங்க. நான் படிச்சுட்டுக் கூப்பிடுறேன்."

நான் வாசலில் நின்றேன். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். அவள் கூப்பிடவில்லை. ஐந்து நாள் அப்படி. ஆறாம் நாள் புத்தகத்தை என் முன்னால் கொண்டு வந்து வைத்தாள். இதோ வந்துவிட்டது என்று நான் தயாரானேன். வந்தது வேறு.

"நாளையிலிருந்து வகுப்புக்கு வரலன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"ஏன்?"

"எனக்கு வரலங்க." குரலில் அழுகை இல்லை, தைத்த சட்டையில் குறை கண்டு ஒதுக்கி வைக்கும் குரல். "எழுத்து எழுத்தா கூட்டினா 'குழாய்'னு வருது, 'வளைவு'ன்னு வருது, 'கசிவு'ன்னு வருது. பதினோரு பேரு படிச்சிருக்காங்க. அந்தம்மா குடத்த மூடினது, குடம் தளும்பினது, எல்லாம் அவங்க கண்ணுக்குத் தெரியுது. என் கண்ணுக்குக் குழாய்தான் தெரியுது. நான் ஏதோ எழுத்தத் தப்பா பிடிச்சிருக்கேன். வயசாயிடுச்சு, போகட்டும். நீங்க பழையபடி படிச்சுக் காட்டுங்க. எனக்கு அது போதும்."

எனக்கு வேண்டியதெல்லாம் தட்டில் வைத்து வந்திருந்தது. பொய் தப்பித்தது. இரண்டு மணி தப்பித்தது. எதிர் நாற்காலி தப்பித்தது. நான் "சரி" என்றேன்.

அந்தச் 'சரி'யை இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களை எண்ணி முடியாது. ஆனால் அவற்றில் யாரும் சின்னவராகிப்போனதில்லை.

மறுநாள் இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். பறவைகளைப் பற்றிய புத்தகம். நல்ல கதைதான் சொன்னேன். விரல்கள் சேரவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல், என் கையில் இருந்த பக்கத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு முறை, "அதுல 'கொக்கு'ன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள். போட்டிருந்தது. என் கதையில் கொக்கு இல்லை. "இல்லயே" என்றேன். தலையாட்டிவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

மாலையில் தேநீர் போடலாம் என்று சமையலறைக்குப் போனேன். டப்பாக்கள் இருக்கும் தட்டில் புதிதாகக் காகிதம் விரித்திருந்தாள். எண்ணெய் டப்பாவை எடுத்தேன். அடியில் வட்டமாக ஒரு கறை. கறைக்குள் ஒரே அளவில் நாற்பது 'அ'.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தேன்.

"அந்தக் கதை அதுல இல்ல."

"எதுல?"

"நீலப் புத்தகத்துல. அதுல குழாய்தான் இருக்கு. நான் சும்மா சொன்னேன்."

அவள் என் கையிலிருந்த டப்பாவை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள்.

"தட்டச்சுப் புத்தகத்துல ரெண்டு அக்கா தங்கச்சி?"

"இல்ல."

"வரிச்சட்டத்துல பேய்?"

"இல்ல."

"தேனீ வளர்ப்பு?"

"தேனீ இருக்கு. கொலை இல்ல."

"அப்ப நேத்து வரைக்கும் 'வளைவு'ன்னு நான் படிச்சது?"

"வளைவுதான்."

"'கசிவு'?"

"கசிவுதான்."

"'இரு முனைகளையும் இறுக்கிய பின்'னு ஒரு இடத்துல வந்துச்சு."

"அப்படியேதான் இருக்கு. ஒரு எழுத்து மாறல."

"கொக்கு?"

"கொக்குதான்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. குறிப்பேட்டுத் தாள்களை எடுத்து வந்து, எண்ணெய்க் கறையை ஒரு துணியால் ஒற்றி, வரிசைப்படுத்தி, ஊசி நூல் எடுத்துத் தைத்தாள். "நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்" என்று தனக்குத்தானே ஒரு முறை சொன்னாள். அவ்வளவுதான்.

கோபம் மூன்றாம் நாள் வந்தது. அவள் எதையும் வரிசையாகச் செய்கிறவள்.

"உலகத்துல எத்தனை பேரு எத்தனை விதமா எழுதி வச்சிருக்காங்கன்னு எட்டு வருஷம் ஆச்சரியப்பட்டேனே. அத்தனையும் நீங்க ஒரே ஆளா?"

"ஆமா."

"அதான் எல்லாக் கதையிலயும் லிஃப்ட் வருது."

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"நாலு பேரு முன்னாடி எழுந்து நின்னேனே" என்றாள்.

தண்டனையையும் அவளே முடிவு செய்தாள். தினமும் இரண்டு மணிக்கு நான் சன்னலோர நாற்காலியில் உட்கார வேண்டும். அவள் எதிரே உட்கார்ந்து குழாய்ப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவாள். நூற்று அறுபத்தெட்டுப் பக்கம். நூலகர் அம்மா தவணையை இரண்டு முறை நீட்டித்துக் கொடுத்தார், காரணம் கேட்கவில்லை. அரை அங்குலக் குழாய், முக்கால் அங்குலக் குழாய், அவற்றை இணைக்கும் முறை, இணைக்கக் கூடாத முறை. கண் சொருகினால் பிடித்துவிடுவாள்.

"கேட்கிறீங்களா?"

"கேட்கிறேன்."

"கடைசியா என்ன படிச்சேன்?"

"வாஷர் தேய்ஞ்சா ஒழுகும்."

"எந்த வாஷர்?"

நான் முழித்தேன். அவள் அந்தப் பத்தியை மறுபடி முதலிலிருந்து படித்தாள். குழாயைத் திறந்தால் உள்ளே திருகின் அடியில் இருக்கும் சின்ன ரப்பர் வாஷர். அந்த இடம் வந்ததும் அவளுடைய இரண்டு விரல்களும் சேர்ந்தன. அந்த விரல்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் எந்த வாஷர் என்று கேட்கத் தவறிவிட்டேன்.

மறுநாள் குழாய்க்காரர் கடையில் அவளே ஒரு வாஷர் வாங்கி வந்தாள். புத்தகத்தைச் சமையலறை மேடையில் விரித்து, மேலே எண்ணெய் டப்பாவை வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்து மாட்டினாள். என் வேலை தண்ணீரை அடைப்பதும் திறப்பதும். சொட்டு நின்றது. அன்று வீடு மிகவும் அமைதியாக இருந்தது. எனக்கு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டாள் என்பதால் சொல்லவில்லை.

கடைசிப் பக்கம் முடிந்த சனிக்கிழமை, நூலகத்தில் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் மேசையில் குனிந்து அடுத்தவர் சீட்டில் எழுதினாள். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நூலகர் அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியை உயர்த்தினார், அவளிடமே திருப்பிக் கொடுத்து, "நீங்களே படிங்கம்மா" என்றார்.

அவள் எழுந்து நின்று படித்தாள்.

"'முழுவதும் படித்தேன். இதில் குழாய் மட்டும் இருக்கிறது. நல்ல புத்தகம். எங்கள் வீட்டுக் குழாய் இப்போது ஒழுகவில்லை.'"

கூட்டத்தில் பத்துப் பேர் தரையைப் பார்த்தார்கள். குழாய்க்காரர் மட்டும் நிமிர்ந்து, "நான் அப்பவே எழுதினேன்ல" என்றார்.

மச்சான் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, நீ சொன்னியேன்னுதான்மா நான்…"

"தெரியும்ணே. உங்க பள்ளிக்கூடப் பைய நான்தான் தெருமுனை வரைக்கும் தூக்கிட்டு வந்து கொடுப்பேன். உள்ள என்ன எழுதியிருக்குன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னிக்கு நீங்க கண்ணு கலங்கியிருக்க வேண்டாம்."

அவர் கையை மெல்ல நீட்டி, அவளிடமிருந்து சீட்டை வாங்கி, தான் எழுதிய முதல் வரியை அடித்தார்.

ஆசிரியருக்கு மனம் கேட்கவில்லை. "அது சரிம்மா. அந்தக் கதை? எட்டு மாடி ஏறப் போறாங்களே, அப்புறம் அந்தக் கதவு திறந்துச்சா இல்லையா? அது எந்தப் புத்தகத்துல இருக்கு? எங்க கிடைக்கும்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் உட்கார்ந்துகொண்டே என் பக்கம் கையைக் காட்டினாள். மூன்று வாரமாகக் காட்டாத முகத்தைக் காட்டினாள்.

"இவருகிட்டதான் இருக்கு. இரவலுக்கு அல்ல."

நூலகர் அம்மா முத்திரையைத் தேடுவதுபோல இழுப்பறையைத் திறந்து மூடினார்.

இப்போது இரண்டு மணியிலிருந்து இரண்டரை வரை அவள் படிக்கிறாள், நான் கேட்கிறேன். இரண்டரையிலிருந்து மூன்று வரை நான் சொல்கிறேன். எனக்கு இரண்டு நிபந்தனைகள். கையில் புத்தகம் இருக்கக் கூடாது. கதையில் லிஃப்ட் வரக் கூடாது. முதலாவது பழகிவிட்டது. இரண்டாவதுதான் கடினம். நேற்று ஒருவன் அவசரமாக ஐந்தாவது மாடிக்குப் போக வேண்டியிருந்தது. படியில்தான் ஏற்றினேன். நான்காவது மாடியில் அவனை நிறுத்தி, இருவரும் சற்று மூச்சு வாங்கிக்கொண்டோம்.

"சாப்பிட்டானா?" என்று கேட்டாள்.